இது ஆய்வா, மதிப்பீடா?

கேள்வி: காட்பாடியில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எட்டு ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறது. பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைத்து, தாய்மார்களிடம் வினாத்தாள் நிரப்பி, ஆய்வேட்டை ஏறக்குறைய முடித்துவிட்டேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, "இது ஆய்வு இல்லையம்மா, புரோகிராம் எவாலுவேஷன்" என்கிறார். இரண்டிலும் கேட்பது அதே கேள்வி, போடுவது அதே கணக்கு. பிறகு என்ன வேறுபாடு? எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி இதற்கு வேண்டுமா, வேண்டாமா?

பதில்:

உங்கள் வழிகாட்டி பிரித்துச் சொன்னது சரி. அதைச் சொன்ன தொனி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. புரோகிராம் எவாலுவேஷன், அதாவது திட்ட மதிப்பீடு, என்பது ஆய்வில் தேறாதவர்களுக்கு ஒதுக்கிய இரண்டாம் பந்தி அன்று. பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு வகை வேலைக்கும் தகவல் திரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டில் மதிப்பீடுதான் எனக்குக் கூடுதலாக வியர்வையை வரவழைத்திருக்கிறது. முறையில் வேறுபாட்டைத் தேடாதீர்கள்; அங்கே அது கிடைக்காது. மாதிரி எடுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, குழு உரையாடல் நடத்துவது, கணினியில் ஏற்றிச் சராசரியும் விலக்கமும் பார்ப்பது எல்லாம் இருவருக்கும் பொதுச் சொத்து. கேள்வி யாருடையது, விடையை வைத்துக்கொண்டு யார் எதைத் தீர்மானிக்கப் போகிறார்கள், அந்தத் தீர்மானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதா என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது.

தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் ஒரு சுற்றுக் கூடுகிறது. முனைவர் பட்டத்துக்குச் செய்வதும் 'ஆய்வு'. மாவட்ட ஆட்சியர் அரசு மருத்துவமனைக்குத் திடீரென்று போய் நிற்பதும் 'ஆய்வு'. மாதாமாதம் அலுவலர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது 'ஆய்வுக் கூட்டம்'. 'திட்ட மதிப்பீடு' என்று நாளிதழில் வந்தால், பெரும்பாலும் அது ஒரு பாலத்துக்கோ கால்வாய்க்கோ போட்ட உத்தேசச் செலவுக் கணக்காக இருக்கும். ஊருக்குள் போய் "ஆய்வுக்கு வந்திருக்கிறோம்" என்று சொன்னதும், "ரேஷன் கார்டை எடுத்துடுவீங்களா சார்?" என்று என்னிடம் கேட்ட பெண்கள் ஒருவர் இருவர் அல்லர். நம் மாநில அரசிலும் மதிப்பீட்டையும் ஆராய்ச்சியையும் ஒரே பலகையில் எழுதிவைத்த ஒரு துறை உண்டு. டெல்லியில் அப்படி இல்லை. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1952-ஆம் ஆண்டிலேயே, அது எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்காகத் திட்டக்குழுவின் கீழ் தனி மதிப்பீட்டு அமைப்பு ஒன்றை நிறுவினார்கள். ஆகவே மதிப்பீடு நேற்று வந்த நாகரிகம் அன்று. இந்தியாவில் அதற்கு ஐந்தாண்டுத் திட்டங்களின் வயது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். திமிரி ஒன்றியம் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது ராணிப்பேட்டையில் இருக்கிறது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அதே திமிரியிலும், பக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலும், டிவார்ம்3 என்ற பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி ஆகிய இரண்டு நாடுகளிலும் அதே ஆய்வு அதே காலத்தில் நடந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஆய்வுப் பகுதியை 40 தொகுப்புகளாகப் பிரித்துக் குலுக்கிப் போட்டார்கள். 20 தொகுப்புகளில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை. மற்ற 20-இல் கைக்குழந்தைப் பருவம் தாண்டியவர் முதல் கிழவர் வரை எல்லாருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்று ஆண்டுகளுக்கு மாத்திரை. ஊர் முழுக்க விழுங்கினால், மண்ணிலிருந்து மனிதருக்கும் மனிதரிடமிருந்து மண்ணுக்கும் புழு பரவும் சுழலே அறுபடுமா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்வியை திமிரிக்காரர் யாரும் கேட்கவில்லை. விடை எதுவானாலும் அது பெனின் நாட்டு விவசாயிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே மூன்று நாடுகளில் நடத்தினார்கள்.

இப்போது குடற்புழு நீக்க நாளுக்கு வாருங்கள். மாத்திரை முதல் நாள் மாலைக்குள் மையத்துக்கு வந்து சேர்ந்ததா, பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி யாராவது போனார்களா, விடுபட்டவர்களுக்கென்று வைத்த இரண்டாவது நாளில் உண்மையிலேயே கொடுத்தார்களா, பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் வயிற்றுக்குள் போன எண்ணிக்கையும் ஒன்றுதானா? இந்தக் கேள்விகளின் விடை பெனினுக்குப் பயன்படாது. ராணிப்பேட்டை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்குப் பயன்படும், அதுவும் அடுத்த சுற்று வருவதற்குள் கையில் கிடைத்தால்தான். மாத்திரை ஒன்றுதான், விழுங்கும் பிள்ளையும் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு போய் மாத்திரை கொடுத்ததால் டிவார்ம்3 பார்வைக்கு ஒரு திட்டம் போலவே இருக்கும். ஆனாலும் அது முழுக்க முழுக்க ஆராய்ச்சி. தோற்றத்தை வைத்து வகைப்படுத்தக் கூடாது என்பதற்காகவே இந்த இணையைச் சொன்னேன்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்தின் கதையில் ஆராய்ச்சி எங்கே முடிந்து மதிப்பீடு எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் துலக்கமாகத் தெரியும். ரோட்டாவேக் என்ற அந்த மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்து, 2014-இல் முடிவு வெளிவந்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது என்பது விடை. அந்த 56 போதுமா? இந்தக் கேள்விக்குச் சோதனையில் விடை இல்லை, இருக்கவும் முடியாது. மற்ற நாட்டு மருந்துகளின் விலை, நம் நாட்டில் வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தைகள், மருந்தைக் குளிரில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகும் செலவு என்று பலவற்றையும் தராசில் போட்டுப் பார்த்து, போதும் என்று அரசு முடிவு செய்தது. 2017-இல் தமிழ்நாட்டுக்கும் சொட்டு மருந்து வந்தது. அதன் பிறகு கேள்வி வேறாகிவிட்டது. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் அந்தப் புட்டி குளிர் மாறாமல் இருந்ததா, ஆறாவது வாரம் வந்த தாய் பத்தாவது வாரமும் வந்தாரா? சோதனையில் இந்த இரண்டையும் ஆய்வாளரே கவனித்துக்கொள்கிறார். திட்டத்தில் யார் கவனிக்கிறார்கள் என்பதே கண்டுபிடிக்க வேண்டிய விஷயமாகிறது.

'போதுமா' என்ற இந்தச் சொல்தான் மதிப்பீட்டின் உயிர்நாடி. மதிப்பீட்டியலைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் ஒருவரான மைக்கேல் ஸ்கிரிவன் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது இதைத்தான்: ஒன்றின் தகுதியையும் பயனையும் தீர்மானித்துச் சொல்லாதது மதிப்பீடு ஆகாது. ஆய்வாளர், "இந்த மையத்துக்கு வரும் பிள்ளைகளின் வாசிப்பு இவ்வளவு உயர்ந்திருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் நிறுத்திக்கொள்ள முடியாது. இந்தப் பணத்துக்கு இது நல்ல பயனா, இதைவிட எளிய வழி உண்டா, வரவேண்டிய பிள்ளைகள்தாம் வருகிறார்களா, தொடரலாமா என்று வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்ல ஓர் அளவுகோல் தேவை. அந்த அளவுகோலைத் தகவல் சேகரிக்கப் போவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர் ஒரு பத்தியைத் திணறாமல் படித்தால் வெற்றி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், ஐந்து பேர் படிப்பது குறைபாடு. எதையும் ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால் அதே ஐந்து பேரை வைத்து வெற்றி விழாவும் கொண்டாடலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு, முடிந்த பின் தீர்ப்புச் சொல்வதற்காகச் செய்யும் மதிப்பீடு என்று ஸ்கிரிவன் 1967-இல் பிரித்ததை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. குடியாத்தத்தில் தறி ஓடும்போதே இழை அறுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது ஒன்று, மடித்த லுங்கியைக் கடையில் விரித்துப் பார்த்து வாங்கலாமா என்று முடிவு செய்வது இன்னொன்று. மையங்களை நடத்தும் தொண்டு நிறுவனம் இதில் எதை எதிர்பார்க்கிறது என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இனி, எனக்கு இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்த ஓர் அங்கன்வாடியைப் பற்றிச் சொல்கிறேன். ஒடுகத்தூர்ப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். குழந்தைகளின் எடை வளர்ச்சியைப் பற்றிய ஓர் ஆய்வுக்காகப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பெரிய நோட்டு. ஒரு பக்கத்தில் பதினெட்டுக் குழந்தைகள். பதினெட்டுப் பேரும் மாதத்துக்குச் சரியாக 200 கிராம் கூடியிருந்தார்கள். காய்ச்சலில் விழுந்த குழந்தை இல்லை, இளைத்த குழந்தை இல்லை. தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தேன். கடிகாரம் போன்ற தொங்கு தராசு இல்லை. அது மூலையில் அரிசி டிரம்மின் மேல், குழந்தையை உட்காரவைக்கும் துணிக் கால்சட்டையோடு சுருண்டு கிடந்தது. மாட்டும் கொக்கி இல்லை. பணியாளர் அம்மா மறைக்கவில்லை. "கொக்கி ஒடஞ்சி மூணு மாசம் ஆவுது சார். எழுதிக் குடுத்துக்கினுதான் கீறேன், வரல. நோட்டு காலியா இருந்தா இன்னான்னு கேப்பாங்க. எட தப்பா இருந்தா யாரு கேக்கறாங்க?" என்றார்.

அன்று நான் ஆய்வாளன். என் ஆய்வுக்கு அந்தப் பக்கம் வெறும் குப்பை. மையத்தின் பெயருக்கு எதிரே 'நம்பத்தக்கதன்று, நீக்குக' என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு சத்துணவுத் திட்டத்தை மதிப்பீடு செய்யும் பொறுப்பு வந்தபோதுதான், அன்று நான் நீக்கியது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று உறைத்தது. எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் மாவு தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எடையே பார்க்காத இடத்தில் கூடுதல் மாவு யாருக்குப் போயிருக்கும்? வெற்றுப் பக்கத்துக்குக் கண்டிப்பும் பொய்ப் பக்கத்துக்கு அமைதியும் காட்டும் மேற்பார்வை, எத்தனை மையங்களில் இதே 200 கிராமை விளைவித்திருக்கும்? ஆய்வாளருக்கு இரைச்சலாகப் படுவது மதிப்பீட்டாளருக்குச் செய்தியாகிறது. பாடநூல் தரும் பத்து வரையறைகளைக் காட்டிலும் இந்த ஒரு பக்கம் எனக்கு அதிகம் விளக்கியது.

இதிலிருந்து ஒரு வேலை முறையும் பிறக்கிறது. திட்டத்தை ஒரு சங்கிலியாக எழுதிப் பாருங்கள். உங்கள் மையங்களில்: பணம் வருகிறது, உள்ளூரில் படித்த ஒரு பெண்ணை ஆசிரியராக அமர்த்துகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள், அவரவர் நிலைக்கு ஏற்பப் பாடம் நடக்கிறது, வாசிப்பு உயர்கிறது. நீங்கள் கடைசிக் கண்ணியை மட்டும் அளந்திருக்கிறீர்கள். வாசிப்பு உயரவில்லை என்று தெரிந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மாலைப் படிப்பு என்ற யோசனையே பயன் தராததாக இருக்கலாம். அல்லது யோசனை நல்லதாக இருந்து, மையம் வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கலாம். மருந்து பலிக்கவில்லையா, மருந்தைக் குடிக்கவே இல்லையா என்ற கேள்விதான். இதைப் பிரித்துச் சொல்லாமல் 'பயனில்லை' என்று எழுதிக்கொடுத்தால், நல்ல யோசனை ஒன்று பூட்டுப் போட்ட கதவுக்காகத் தண்டனை அனுபவிக்கும். வருகைப் பதிவேட்டை வாங்குங்கள். அது போதாது, சொல்லாமல் கொள்ளாமல் நான்கு மாலைகள் போய் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டு வாருங்கள்.

வாசிப்பு உயர்ந்திருந்தாலும் அவசரப்படக் கூடாது. திட்டம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி காத்திருக்கிறது. நம் மாவட்டத்துக்காரருக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். 2019 கோடையில் சென்னையின் தாகத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். இங்கேயும் கிணறுகள் வறண்டுதான் கிடந்தன. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது. நிலத்தடி நீரைச் செறிவூட்டும் ஏதோ ஒரு திட்டத்துக்காக முதல் கோடையில் கிணற்றின் ஆழத்தை அளந்துவிட்டு, அந்த வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி அளந்தால், எந்தத் திட்டமும் மாபெரும் வெற்றிதான். குழி வெட்டாமலே இருந்திருந்தாலும் வெற்றிதான். போதாக்குறைக்கு அதே 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பிரிவினைக்கு முந்தைய 'வேலூர் மாவட்ட' எண்ணைப் பிந்தைய 'வேலூர் மாவட்ட' எண்ணோடு ஒப்பிட்டு, முன்னேற்றம் என்று வரைபடம் போட்ட அறிக்கை ஒன்று என் மேசைக்கே வந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அரக்கோணமும் வெளியே போனதை எழுதியவர் மறந்துவிட்டார்.

உங்கள் விஷயத்துக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, 2021-இல் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. அதுவும் தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்புத்தான். கார்த்திக் முரளிதரனும் அவருடன் சேர்ந்த பொருளியலாளர்களும், கொரோனா தொற்றுக்கு முன் 2019-இல் சோதித்த கிராமப்புறப் பிள்ளைகளின் தகவல் கையில் இருந்ததால், ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை மீண்டும் சோதித்தார்கள். பள்ளி மூடியதால் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது; அந்த மீட்சியில் 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று கணக்கிட்டார்கள். முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால் மீட்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் வரவு வைத்திருப்போம். உண்மையில் பெரும் பங்கு பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது. மையத்துக்கு வராத பிள்ளைகளை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளாத உங்கள் எட்டு ஊர்களில் இந்தப் பிரிப்பைச் செய்ய முடியாது. முடியாது என்று அறிக்கையிலேயே ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

இந்த எடுத்துக்காட்டு ஆராய்ச்சியா, மதிப்பீடா? இரண்டும்தான். ஒரு குறிப்பிட்ட அரசுத் திட்டம் பலித்ததா என்று சொன்னது. அதே நேரத்தில், இழந்த படிப்பு எவ்வளவு வேகத்தில் மீளும் என்று உலகுக்கே பொதுவான அறிவையும் சேர்த்தது. அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்பெல் 1969-லேயே, சமூகச் சீர்திருத்தங்களைச் சோதனைகளாகவே கருதி நடத்த வேண்டும் என்று எழுதினார். அந்த வழியில் வந்தவர்களுக்கு எல்லைக்கோடு மங்கலாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் முதுகலை மாணவர் ஒருவர் ஒரே பருவத்தில் இரண்டு குதிரையிலும் கால் வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

யாரும் தீர்மானத்துக்காகக் காத்திருக்காத, தூய ஆராய்ச்சி எப்படியிருக்கும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. பசுமைப் புரட்சி நெல் ரகங்கள் வந்த காலத்தில், 1973–74-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தன. பத்தாண்டு கழித்து பீட்டர் ஹேசல், சி. ராமசாமி என்ற வேளாண் பொருளியலாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய், ஏழைகள் பயன் பெறுவார்களா என்பதில் முதல் கணக்கெடுப்பு காட்டிய அவநம்பிக்கை அவ்வளவாக நியாயமில்லை, சிறு விவசாயியும் கூலியாளும்கூடப் பயன் பெற்றிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். இடைப்பட்ட பத்தாண்டும் எந்த வேளாண் அதிகாரியும் அந்த முடிவுக்காகக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அந்தப் பொறுமை உண்டு. மதிப்பீட்டுக்குக் கிடையாது.

நான் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சுயஉதவிக் குழுத் திட்டத்துக்கு, நிதி கொடுத்த அமைப்பு மதிப்பீடு கேட்டது. ஜனவரியில் அறிக்கை கொடுக்க வேண்டும். மார்ச்சில் அவர்கள் குழு கூடும். எனக்கோ கணக்கு இன்னும் கூர்மையாக வர வேண்டும் என்ற ஆசை. விடுபட்ட வீடுகளுக்கு மறுபடி ஆள் அனுப்பி, அட்டவணைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு, மே மாதம் நூற்று நாற்பது பக்கத்தில் பைண்டிங் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்லி, காபி கொடுத்து, அலமாரியில் வைத்தார்கள். மலையோர ஊர்களுக்கு நிதியை நிறுத்துவதென்று மார்ச்சிலேயே முடிவாகிவிட்டது. அந்த ஊர்களில்தான் கடன் திரும்பி வரும் அளவு மிக நன்றாக இருந்தது என்பது என் 87-ஆம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பிழை என்னுடையது. ஆய்வாளனின் பெருமிதத்தோடு மதிப்பீட்டு வேலையைச் செய்த பிழை.

அடுத்து நீங்கள் கேட்ட அனுமதி, அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி. ஒருவர் செய்வது ஆராய்ச்சியா இல்லையா என்பதை அமெரிக்க விதிகள் ஒரே அளவுகோலால் முடிவு செய்கின்றன: பொதுமைப்படுத்தக்கூடிய அறிவைத் தருவதற்காகத் திட்டமிட்டுச் செய்ததா? நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், அரசு அமைப்புகளின் பொதுச் சுகாதாரத் திட்டங்களை, மேம்படுத்துவதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு, தனிநபரை அடையாளம் காட்டும் விவரம் இல்லாமல் மதிப்பிடுவதைப் பரிசீலனையிலிருந்து விலக்களிக்கக்கூடியவற்றில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "மதிப்பீடு என்று பெயர் வைத்துவிட்டால் கமிட்டி பக்கமே போக வேண்டாம்" என்று ஒரு குறுக்குவழி மாணவர்களிடையே உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். உங்கள் திட்டம் அரசுடையதன்று, பட்டத்துக்காகச் செய்கிறீர்கள், சிறுவர்களைச் சோதித்திருக்கிறீர்கள், வினாத்தாளில் தாயின் பெயரும் ஊரும் இருக்கும் என்றே நினைக்கிறேன். விலக்கு உண்டா என்பதைச் சொல்ல வேண்டியது கமிட்டி, நீங்களோ நானோ அல்ல. திரட்டி முடித்த தகவலுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரும் வழக்கமும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி வழிகாட்டியிடமும் கமிட்டியின் செயலரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். இதழில் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதிப்பீட்டில் ஒரு சங்கடம் ஆராய்ச்சியைவிடக் கூடுதல். ஆய்வாளரிடம் மறுப்புச் சொல்லும் தாய்க்கு எதுவும் குறையப்போவதில்லை. நடத்தும் நிறுவனத்தின் ஜீப்பிலேயே வந்து இறங்கிய உங்களிடம் மறுப்புச் சொல்லும் தாய், தன் பிள்ளையை மையத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுவார். அதனால் "நல்லாதான் சொல்லிக் குடுக்கறாங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டார். உங்கள் தாள்களில் 'மிகத் திருப்தி' என்ற கட்டம் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். தொண்ணூறைத் தாண்டியிருந்தால் அது திருப்தியின் அளவு அன்று, ஜீப்பின் அளவு.

இனி என்ன செய்யலாம்? மாலை மையங்களுக்குத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்பது போன்ற பொதுக் கேள்வி ஒன்றை எடுத்து, முந்தைய ஆய்வுகளோடு இணைத்து, இதை ஆராய்ச்சியாக மாற்றலாம். ஆனால் அதற்கு அனுமதி பெற்றுப் புதிதாகக் களத்துக்குப் போக வேண்டும், உங்களிடம் அவ்வளவு நாள் இல்லை. மதிப்பீடாகவே வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. தலைப்பில் மதிப்பீடு என்ற சொல்லைத் துணிந்து போடுங்கள். நிறுவனத்தினரிடம் போய், எதைத் தீர்மானிக்க இது வேண்டும், எந்த அளவை வெற்றி என்று கொள்வீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டு, விடையை முதல் இயலில் சேருங்கள். அளவுகோல் பிறகு வந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். மையம் எத்தனை நாள் திறந்தது, யார் வந்தார்கள், ஆசிரியைக்கு மாதச் சம்பளம் நாள் தவறாமல் வந்ததா என்று ஒரு தனி இயல் எழுதுங்கள். வாசிப்பு மதிப்பெண் அதற்குப் பிறகு வரட்டும். ஆய்வேடு உங்கள் பல்கலைக்கழகத்துக்கு. நிறுவனத்துக்குத் தமிழில் இரண்டு பக்கம் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது எந்த ஊரில் மையத்தைத் தொடர்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள், ஏப்ரல் முடிவதற்குள் அந்த இரண்டு பக்கம் அவர்கள் கையில் இருக்கட்டும். தலைப்பை மாற்றிப் பதிவு செய்ய உங்கள் துறையில் கடைசி நாள் எது என்பதை மட்டும் நாளைக்கே விசாரித்துவிடுங்கள்.